காண்டர் ஹீரோஸ் நான்கு தொகுதிகள்: சண்டையைவிடச் சண்டையின் நிபந்தனைகள் சுவையானவை

சீன வூஷியா (தற்காப்புக் கலை வீரர்களின் சாகசக் கதை) நாவல் ஒன்றையாவது முழுதாகப் படித்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் ஆங்கிலத்தில் முதலில் எடுக்க வேண்டியது ஜின் யோங்கின் ‘லெஜண்ட்ஸ் ஆஃப் தி காண்டர் ஹீரோஸ்’. 1957 முதல் 1959 வரை ஹாங்காங் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்த கதை. லண்டன் மெக்லஹோஸ் பிரஸ் இதை நான்கு தொகுதிகளாக வெளியிட்டது: ‘எ ஹீரோ பார்ன்’ (2018), ‘எ பாண்ட் அண்டன்’ (2019), ‘எ ஸ்னேக் லைஸ் வெயிட்டிங்’ (2020), ‘எ ஹார்ட் டிவைடட்’ (2021). முதல் தொகுதியை அன்னா ஹோம்வுட், இரண்டாவதை ஜீஜீ சாங், மூன்றாவதை இருவரும் சேர்ந்து, நான்காவதை ஜீஜீ சாங்கும் ஷெல்லி பிரையன்ட்டும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். முதல் தொகுதி வெளிவந்த அதே 2018இல்தான் ஜின் யோங் காலமானார்.

இந்தத் தொகுப்பைப் பற்றிப் பேசுபவர்கள் பறந்து பறந்து அடிப்பதையும், உள்ளங்கையால் மரத்தை முறிப்பதையும்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அதெல்லாம் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் நாவலின் உயிர் வேறிடத்தில் ஓடுகிறது. இதில் வரும் முக்கியமான மோதல் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பேச்சுவார்த்தை உண்டு. யார் யாரோடு மோதுவது, எத்தனை பேர், என்ன ஆயுதம், எது நடந்தால் சண்டை முடிந்ததாகக் கொள்வது, தோற்றவர் என்ன தர வேண்டும் என்று நாலு வரியிலோ நாலு பக்கத்திலோ பேசி முடிப்பார்கள். அந்தப் பக்கங்களைத் தாண்டி நேராக அடிதடிக்குப் போகிறவருக்கு இந்த நாவல் ஒரே மாதிரியான குத்துச்சண்டைகளின் வரிசையாகத்தான் தெரியும். நிபந்தனையைக் கவனித்துப் படிப்பவருக்கோ ஒவ்வொரு சண்டையும் ஓர் ஒப்பந்தம். யார் அதன் எழுத்தை மட்டும் காப்பாற்றுகிறார், யார் அதன் பொருளைக் காப்பாற்றுகிறார், யார் இரண்டையும் மிதிக்கிறார் என்பதுதான் கதை.

முதல் தொகுதியின் ஜியாஷிங் அத்தியாயங்கள் இதற்குப் பாடப்புத்தகம் போன்றவை. சுவான்ஜென் மடத்துத் துறவி சியூ சூஜி, மதுக்கடை மாடிக்கு ஒரு பிரமாண்டமான வெண்கலக் கலம் நிறைய மதுவை ஒற்றைக் கையில் ஏந்தி வருகிறார். அங்கே அவருக்காகக் காத்திருப்பவர்கள் ‘தெற்கின் ஏழு விநோதர்கள்’. உடனே கைகலப்பு இல்லை. கலத்தை அவர் எறிய வேண்டும், எதிரில் இருப்பவர் அதைப் பிடித்துக் குடித்துவிட்டுத் திருப்பி எறிய வேண்டும். ஒருவர் பின் ஒருவராக ஏழு பேரும் தத்தம் வித்தையைக் காட்டி அதை வாங்கித் திருப்புகிறார்கள். யாருக்கும் காயமில்லை, ஆனால் எட்டுப் பேரின் உடல் வலிமையும் குணமும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. அடிக்காமல் அளந்து பார்க்கும் இந்த முறை நாவல் முழுக்க வரும். கை குலுக்குவதில், தேநீர்க் கிண்ணம் நீட்டுவதில், நாற்காலி தருவதில் எல்லாம் ஒரு சோதனை ஒளிந்திருக்கும்.

அடுத்து ஃபாஹுவா கோயிலில் நடப்பது அந்த அளவையை மீறிய நிஜச் சண்டை. துவான் தியன்டே என்ற கோழை அதிகாரி சொன்ன பொய்யை இரு தரப்பும் நம்பி, அத்தனை பேரும் குற்றுயிராகக் கிடக்கும் வரை மோதுகிறார்கள். ஜின் யோங் இங்கே ஒரு விஷயத்தை மிகத் துல்லியமாகக் காட்டுகிறார்: இரு பக்கமும் நேர்மையானவர்களாக இருந்தாலும், தகவல் பொய்யாக இருந்தால் அறப்போர் என்று ஒன்று நடக்க வழியில்லை. நான்காம் தொகுதி வரை நாவலின் பெரிய கேடுகள் எல்லாமே இந்த வகையில்தான் வருகின்றன. ஒருவன் கொல்வான், பழி இன்னொருவன் மேல் விழும், மானமுள்ளவர்கள் பழிவாங்கக் கிளம்பிவிடுவார்கள்.

கோயில் சண்டைக்குப் பிறகு போடப்படும் பந்தயம்தான் கதையின் முதுகெலும்பு. கணவர்களை இழந்த இரண்டு கர்ப்பிணிப் பெண்கள் காணாமல் போயிருக்கிறார்கள். ஒருவரைச் சியூ சூஜி தேடுவார், மற்றவரை விநோதர்கள் தேடுவார்கள். பிறக்கும் குழந்தைக்கு அவரவர் வித்தை கற்பிக்க வேண்டும். 18 ஆண்டு கழித்து, மூன்றாம் மாதம் 24ஆம் நாள், அதே மதுக்கடையில் இரு பிள்ளைகளும் மோதுவார்கள். எந்தச் சீடன் வெல்கிறானோ அவனுடைய ஆசான் தரப்பு வென்றது. ஒருவருக்கு எதிராக ஏழு பேர் என்ற சிக்கலை இதைவிட நேர்த்தியாகத் தீர்க்க முடியாது. முஷ்டியை எண்ணுவதற்குப் பதிலாக வளர்ப்பை எண்ணிவிடலாம். விநோதர்களுக்குப் பையனைக் கண்டுபிடிக்கவே ஆறு ஆண்டு ஆகிறது, அந்தப் பையன்தான் நாயகன் குவோ ஜிங், மங்கோலியப் புல்வெளியில் வளர்கிறான். அதற்காகக் கூடுதல் அவகாசம் கேட்கும் எண்ணம் அவர்களில் ஒருவருக்கும் எழவில்லை. நாவலில் யாரும் இதைச் சுட்டிக்காட்டிப் பாராட்டுவதும் இல்லை, வாசகர்தான் கவனிக்க வேண்டும்.

அந்த ஏழு பேரின் போர் விதியும் தனித்துவமானது. ‘பலர் சேர்ந்து ஒருவரை அடிக்கக் கூடாது’ என்பது வூஷியா உலகில் எல்லோரும் அறிந்த நெறி. விநோதர்களோ எதிரி ஒருவன் என்றாலும் ஏழு பேராகத்தான் இறங்குவார்கள், ஆயிரம் பேர் வந்தாலும் அதே ஏழு பேர்தான். எண்ணிக்கை மாறாது என்பதால் அது கோழைத்தனம் ஆகாது என்பது அவர்கள் வாதம். இந்த வாதம் முழுதும் ஏற்கத்தக்கதா? மங்கோலியக் குன்றின் மேல் நடக்கும் இரவுச் சண்டை அந்தக் கேள்வியை வாசகர் முன் வைக்கிறது. மண்டை ஓடுகள் கீழே ஐந்து, நடுவே மூன்று, மேலே ஒன்று என அடுக்கப்பட்டிருப்பதை மற்றவர்கள் சொல்லக் கேட்டே கண்பார்வையற்ற மூத்தவர் கே ஷெனே எதிரி யார் என்று தெரிந்துகொள்கிறார். வருவது மெய் சாவ்ஃபெங், சென் சுவான்ஃபெங் தம்பதி. கே ஷெனேயின் அண்ணனைக் கொன்று அவர் பார்வையையும் பறித்தவர்கள். ஏழு பேரும் பதுங்குகிறார்கள். கே ஷெனே எறியும் விஷ முட்கள் மெய்யின் கண்களைக் குருடாக்குகின்றன. ஆறு வயதுக் குவோ ஜிங் கையிலிருந்த குறுவாள் சென்னின் தொப்புளில் இறங்குகிறது, அவன் உடம்பில் வலிமை எட்டாத இடம் அது ஒன்றுதான்.

பதுங்கித் தாக்கியது, விஷம் பூசியது, ஏழு பேர் இருவரை வளைத்தது எல்லாமே கதாநாயகர்கள் தரப்பில் நடந்தவை. நாவல் இதை மூடி மறைக்கவில்லை. அந்த இரவில் ஐந்தாமவர் ஜாங் ஆஷெங் உயிரை விடுகிறார். கண்ணிழந்த மெய்யின் கோபத்துக்கும் நியாயம் உண்டு என்பதை இரண்டாம் தொகுதியில் அவள் தன் கடந்த காலத்தை நினைக்கும் பக்கங்கள் உணர்த்துகின்றன. வில்லியாக அறிமுகமான ஒருத்திக்கு இவ்வளவு பக்கம் கொடுத்து அவளுடைய குருபக்தியைக் காட்டும் துணிச்சல்தான் ஜின் யோங்கை மற்றத் தொடர்கதை எழுத்தாளர்களிடமிருந்து உயர்த்துகிறது.

முதல் தொகுதியில் விட்டுவிடக் கூடாத இன்னொரு இடம் மா யூ வரும் பகுதி. இவர் சியூ சூஜியின் மூத்த குருபாய். பந்தயத்தில் குவோ ஜிங்கின் பக்கம் பலவீனம் என்று தெரிந்து, மங்கோலியாவுக்கே வந்து, ஒரு செங்குத்துப் பாறையின் உச்சியில் இரண்டு ஆண்டுகள் இரவில் அவனுக்கு மூச்சுப் பயிற்சி தருகிறார். தன்னைக் குரு என்று அழைக்க விடுவதில்லை. ஒரு அடிமுறை கூடச் சொல்லித் தருவதில்லை. இந்தக் கட்டுப்பாடுகள் முக்கியம். வேறு ஒருவரின் சீடனுக்கு அனுமதியின்றி வித்தை கற்பிப்பது அந்த உலகில் கடுமையான அவமதிப்பு. உட்காரவும் மூச்சு விடவும் தூங்கவும் கற்பித்தால் அது ‘வித்தை’ கணக்கில் வராது. விதியின் ஓரத்தில் நடந்து, விதியை உடைக்காமல், எதிராளிக்கே உதவுகிறார். தன் தரப்பு தோற்க வேண்டும் என்று விரும்பும் நேர்மை இது. வூஷியாவில் வீரத்தைவிட இதுவே அரிது.

பந்தயத்தின் முடிவு பலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். 18 ஆண்டு எதிர்பார்த்த மோதல் மதுக்கடையில் அரங்கேறுவதே இல்லை. தான் கற்பித்த யாங் காங் எப்படிப்பட்டவனாக வளர்ந்திருக்கிறான் என்று பார்த்த சியூ சூஜி இரண்டாம் தொகுதியில் தானே தோல்வியை ஒப்புக்கொள்கிறார். கை வித்தையில் யாங் காங் மேல்தான். ஆனால் பந்தயம் வளர்ப்பைப் பற்றியது என்பதைச் சியூ சூஜி மறக்கவில்லை. ஒரு பெரிய சண்டைக் காட்சியைத் துறந்துவிட்டு இந்த ஒப்புதலை எழுதியது சரியான முடிவு.

யாங் காங்கின் குணம் வெளிப்படுவது ஜின் அரசின் தலைநகரத் தெருவில் நடக்கும் மணப்போட்டியில். கொடி நட்டு நிபந்தனையை அறிவிக்கிறார்கள்: மணமாகாத இளைஞன் யாராவது இந்தப் பெண்ணை ஒரு குத்திலோ உதையிலோ வென்றால் அவனுக்கே அவளை மணம் செய்து கொடுப்போம். யாங் காங் பட்டாடையோடு இறங்குகிறான், விளையாடுகிறான், வெல்கிறான், அவள் காலணியைக் கழற்றி எடுத்துக்கொள்கிறான், திருமணம் மட்டும் முடியாது என்கிறான். போட்டியில் அவன் ஒரு விதியையும் மீறவில்லை. போட்டியில் இறங்குவதே ஒரு வாக்கு என்பதைத்தான் மீறுகிறான். வேடிக்கை பார்க்கும் கூட்டத்திலிருந்து குவோ ஜிங் குறுக்கே வருகிறான், வெல்லும் வலிமை இல்லாமலே. அவனுடைய முழு குணச்சித்திரமும் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகிறது. அடுத்த ஆயிரம் பக்கத்தில் அவன் கற்பது அதிகம், மாறுவது குறைவு.

அரண்மனை விருந்தில் விஷம் தடவிய உள்ளங்கையால் சுவான்ஜென் துறவி ஒருவரைக் காயப்படுத்துவதும், அதற்கான மருந்துச் சரக்குகளை ஊர் முழுக்க முன்கூட்டியே வாங்கிப் பதுக்கிவிடுவதும் கீழ்த்தரத்தின் உச்சம். விறுவிறுப்பான பகுதி, ஆனால் நெறி சார்ந்து புதிதாக எதுவும் இல்லை.

பிச்சைக்காரர் குழுவின் தலைவர் ஹோங் சிகோங் வந்ததும் நாவல் வேறு தளத்துக்கு ஏறுகிறது. அவர் குவோ ஜிங்குக்குத் தரும் ‘நாகத்தை அடக்கும் பதினெட்டு உள்ளங்கைகள்’ வெறும் பலப் பயிற்சி அல்ல. முதல் அடியின் நுட்பத்தை அவர் விளக்குவதைப் பொறுமையாகப் படியுங்கள். வெளியே செலுத்தும் வலிமை பத்துப் பங்கு என்றால் உள்ளே நிறுத்தி வைப்பது இருபது பங்கு. அடித்த பிறகும் அடியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் இடம் இருக்க வேண்டும். எதிரியை அழித்தே தீர வேண்டும் என்று முழுப் பலத்தையும் கொட்டுபவனால் இதைச் செய்ய இயலாது. நெறி தனியாகப் போதிக்கப்படாமல் தசையின் இயக்கத்துக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. பதினெட்டில் பதினைந்தை மட்டும் கற்பித்து நிறுத்துவதும் அந்த நெறிதான், குவோ ஜிங் அப்போது அவருடைய முறையான சீடன் அல்ல.

இரண்டாம் தொகுதியின் உச்சம் பீச் மலர்த் தீவில் நடக்கும் மூன்று தேர்வுகள். ஹுவாங் யாவ்ஷியின் மகள் ஹுவாங் ரோங்கை மணக்க குவோ ஜிங்கும் ஓயாங் கேயும் போட்டியிடுகிறார்கள். முதல் தேர்வு பைன் மரங்களின் மேல். குருமார் தத்தம் பிள்ளைக்குச் சலுகை காட்டாமல் இருக்க, ஹோங் சிகோங் ஓயாங் கேயைச் சோதிக்கிறார், ஓயாங் கேயின் சித்தப்பா ஓயாங் ஃபெங் குவோ ஜிங்கைச் சோதிக்கிறார். முதலில் தரையைத் தொடுபவன் தோற்றான். இரண்டாவது தேர்வு இசை, மூன்றாவது ஒரு வித்தை நூலைப் படித்து மனப்பாடமாக ஒப்பிப்பது. இங்கே நடுவரான ஹுவாங் யாவ்ஷியே ஒரு பக்கம் சாய்ந்தவர், ஓயாங் கேயை மருமகனாக்க விரும்புபவர். அதே சமயம் குவோ ஜிங்குக்கும் ஒரு மறைமுக அனுகூலம் உண்டு. அந்த நூலை என்னவென்றே தெரியாமல் அவன் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருக்கிறான். நடுவர் நேர்மையற்றவர், வென்றவன் கள்ளமற்றவன், ஆனால் ஆட்டம் சமமானதல்ல. இதை எப்படித் தீர்ப்பது? ஜின் யோங் தீர்க்க முயலவில்லை. நடுவரின் இறந்த மனைவியைப் பற்றிய துயரத்தை நடுவே கொண்டுவந்து காட்சியை வேறு பக்கம் திருப்புகிறார். நான்கு தொகுதியிலும் மிகத் திறமையாகக் கட்டப்பட்ட அத்தியாயம் எது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாம் தொகுதி கப்பலில் தொடங்குகிறது. ஹோங் சிகோங்கும் ஓயாங் ஃபெங்கும் எரியும் கப்பலில் மோதுகிறார்கள். நெருப்பில் சிக்கிய எதிரியை ஹோங் காப்பாற்றுகிறார். இயற்கை கொன்றால் அது தன் வெற்றி ஆகாது என்பது அவர் கணக்கு. காப்பாற்றப்பட்டவனோ தன் பாம்பை ஏவி, முதுகில் உள்ளங்கையால் அடித்து, அவருடைய வித்தை முழுவதையும் முடக்கிவிடுகிறான். ஓயாங் ஃபெங் இங்கே முட்டாளாகவோ வெறியனாகவோ செயல்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எதிராளி நெறி தவற மாட்டார் என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த நிச்சயத்தையே ஆயுதமாக்குகிறான். நெறியுள்ளவரின் அடுத்த அசைவை முன்கூட்டியே சொல்லிவிடலாம், நெறியற்றவனின் அசைவைச் சொல்ல முடியாது. நேர்மைக்கு இருக்கும் உண்மையான விலை இதுதான் என்று இந்த நாவல் மறைக்காமல் எழுதியிருக்கிறது.

அதற்கடுத்த தீவுப் பகுதி நீளம். ஓயாங் கேயின் சபலங்களும் ஹுவாங் ரோங்கின் தந்திரங்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. தொடர்கதையாக வந்த காலத்தில் நாளொரு பகுதியாகப் படித்தவர்களுக்கு அது சலிக்காமல் இருந்திருக்கலாம், புத்தகமாகப் படிக்கும்போது சோர்வு தட்டுகிறது. ஆனால் அதைத் தாண்டினால் பாழடைந்த கிராம மதுக்கடையின் ரகசிய அறை காத்திருக்கிறது. படுகாயமடைந்த குவோ ஜிங்கும் ஹுவாங் ரோங்கும் உள்ளங்கை சேர்த்து ஏழு பகல் ஏழு இரவு அசையாமல் அமர வேண்டும். இடையில் கையை எடுத்தால் சிகிச்சை கெடும், உயிர் போகும். சுவரின் துளை வழியே வெளியே நடப்பதெல்லாம் தெரிகிறது.

அந்தத் துளையில் தெரிவது நெறிமீறல்களின் முழு அணிவகுப்பு. கால் நசுங்கி நகர முடியாத ஓயாங் கேயை யாங் காங் குத்திக் கொல்கிறான். அந்தப் பரம்பரையில் ஒரே ஒரு சீடனுக்குத்தான் வித்தை என்ற விதி இருப்பதால், கொன்றால் அந்த இடம் காலியாகும் என்ற கணக்கும் அதில் உண்டு. பிறகு சுவான்ஜென் துறவிகள் எழுவரும் சப்தரிஷி மண்டல வடிவில் நின்று ஹுவாங் யாவ்ஷியைத் தனியாக வளைக்கிறார்கள். ஏழு பேரின் இடமும் அசைவும் ஒரே வித்தையாக அமைந்திருப்பதால் அது ‘பலர் ஒருவரை அடிப்பது’ ஆகாது என்பது அங்கே எல்லோரும் ஏற்ற மரபு. அதனால்தான் ஒருவர் குறைந்தால் முழு வித்தையும் சரிகிறது. ஓயாங் ஃபெங் செய்வதும் அதையே. எழுவரில் ஒருவரைப் பின்னாலிருந்து கொல்கிறான். ஹுவாங் யாவ்ஷியையும் அப்படியே அடிக்கப் பார்க்க, மெய் சாவ்ஃபெங் குறுக்கே விழுந்து அந்த அடியை வாங்கி, தான் முன்பு விட்டு ஓடிய குருவுக்காக உயிர் விடுகிறாள். நாயகன் எதிலும் தலையிட முடியாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஒரே ஓர் அறை, ஒரே ஒரு துளை, ஏழு நாள். மேடை நாடகத்தின் இறுக்கம் இதில் இருக்கிறது.

நான்காம் தொகுதியை இதற்காகவே வாங்கலாம் என்று சொல்லத்தக்க பகுதி துறவி யிதெங்கின் கதை. இவர் முன்பு தாலி நாட்டின் அரசர். உலகின் தலைசிறந்த ஐவரில் ஒருவர். தலைசிறந்தவர் யார் என்று தீர்மானிக்கும் அடுத்த ஹுவா மலைப் போட்டியில் வெல்ல வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. முகமூடி அணிந்த ஒருவன் ஒரு கைக்குழந்தையை அடித்துக் காயப்படுத்துகிறான். காப்பாற்ற வேண்டுமானால் அரசர் தம் உள்வலிமையைச் செலவழித்தாக வேண்டும், அது மீள ஐந்து ஆண்டு ஆகும், அதற்குள் போட்டி வந்துவிடும். அவர் தயங்குகிறார். குழந்தை இறக்கிறது. அந்தக் குழந்தை அவருடைய காதல் மனைவிக்கு வேறொருவர் மூலம் பிறந்தது என்பது தயக்கத்துக்கு இன்னொரு காரணம். முடியைத் துறந்து துறவியாகிறார். பல ஆண்டுக்குப் பிறகு, அதே வகைக் காயத்தோடு ஹுவாங் ரோங் வரும்போது, தம்மைக் கொல்ல யாரோ வைத்த பொறி என்று தெரிந்தும் அந்த வலிமையைச் செலவழித்துவிடுகிறார். மேடை ஏறாமலே தோற்ற போட்டி, மேடை ஏறாமலே வென்ற போட்டி இரண்டும் ஒரே மனிதருக்குள் நடக்கின்றன.

அந்தப் பொறியில் ஒரு படம் இருக்கிறது. புறாவைக் காக்கத் தன் தசையை அரிந்து பருந்துக்குத் தரும் அரசனின் படம். தமிழ் வாசகருக்கு விளக்கமே தேவையில்லை, சோழர்கள் தம் குலமுதல்வனாகக் கொண்டாடிய சிபியின் கதை அது. பௌத்த நூல்கள் வழியே சீனம் போய், அங்கிருந்து ஹாங்காங் தொடர்கதைக்குள் வந்திருக்கிறது. ‘உன் தசையை அரிந்து கொடு’ என்று ஒரு நல்லவரிடம் கேட்கும் கருவியாக எதிரி அதைப் பயன்படுத்துகிறான். எரியும் கப்பலில் பார்த்த அதே தந்திரம், இன்னும் கூர்மையாக.

ஓயாங் ஃபெங்கை மூன்று முறை பிடித்தும் விட்டுவிடுவதாகக் குவோ ஜிங் கொடுக்கும் வாக்கும் இந்தத் தொகுதியில் வருகிறது. ஹுவாங் ரோங்கின் பாதுகாப்புக்காகக் கொடுத்த வாக்கு. மூன்று முறையும் பிடிக்கிறான், மூன்று முறையும் விடுகிறான். மூன்றாவது முறை விடுவிக்கும் பக்கங்களில் வாசகர் எரிச்சல் அடைவது இயல்பு. தன் குருமாரைக் கொன்றவனை விடுவிப்பது அவனுக்கு எவ்வளவு வலிக்கும் என்பதை நாவல் உணர்த்தத் தவறவில்லை.

இறுதியில் ஹுவா மலை. போர்க்கலையே பாவம் என்று நொந்துபோன குவோ ஜிங், யிதெங்கின் குழந்தைக் கதையில் முகமூடி அணிந்து வந்த சியூ சியன்ரென், அவனைக் கொல்ல வந்தவர்கள் எல்லோரும் அங்கே சேர்கிறார்கள். ‘இங்கே யார் ஆளைக் கொல்லாதவர்?’ என்று சியூ சியன்ரென் கேட்டதும் எல்லோரும் மௌனமாகிறார்கள். ஹோங் சிகோங் மட்டும் பதில் சொல்கிறார். தான் கொன்றவர்கள் 231 பேர் என்றும், அத்தனை பேரும் தீயவர்கள் என்றும், ஒரு நல்லவரைக்கூடக் கொன்றதில்லை என்றும். ஓர் எண்ணைச் சொல்ல முடிவதுதான் அந்தக் காட்சியின் பலம். ஒவ்வொரு சாவையும் கணக்கு வைத்திருப்பவன் மட்டுமே அப்படிச் சொல்ல முடியும். கொலையை இப்படி நியாயப்படுத்தலாமா என்று இன்றைய வாசகர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நாவலின் உலகில் நீதிமன்றமும் அரசும் அழுகிக் கிடப்பதால் அந்தப் பதில் எடுபடுகிறது.

முதுமையும் இளமையும் மோதும்போது சமநிலை எப்படி? அதற்கும் அங்கே ஒரு வழி சொல்லப்படுகிறது. மூத்தவர்கள் ஹோங் சிகோங்கும் ஹுவாங் யாவ்ஷியும் ஒருவரோடு ஒருவர் மோதாமல், தனித்தனியே குவோ ஜிங்கோடு மோத வேண்டும். குறைந்த வீச்சில் அவனைத் தோற்கடிப்பவரே முதல்வர். 300 வீச்சுக்குள் இருவராலும் முடியாவிட்டால் குவோ ஜிங் முதல்வன். சொன்னது ஹுவாங் ரோங் என்பதால் அதில் தந்திரமும் உண்டு. ஆனால் இரண்டு பெரியவர்களும் நிபந்தனையை ஏற்றபின் எண்ணிக்கையில் ஒரு வீச்சைக்கூடக் கூட்டிக் கேட்பதில்லை.

இனி வாங்குபவருக்குச் சில செய்திகள். நான்கும் தனித்தனி நாவல் அல்ல, ஒரே கதையின் நான்கு துண்டுகள். முதல் தொகுதி சம்பவத்தின் நடுவிலேயே நின்றுவிடும், ஆகையால் முதல் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். மூன்றிலிருந்து தொடங்குவது வீண்.

பெயர்கள்தான் பெரிய தடை. சிலருடைய பெயர் சீன ஒலியிலேயே இருக்கிறது, சிலருடையது ஆங்கிலமாக மாறியிருக்கிறது. ஹுவாங் ரோங் இங்கே லோட்டஸ் ஹுவாங். அவள் தந்தை அபோதிகரி ஹுவாங். ஹோங் சிகோங், கவுன்ட் செவன் ஹோங். ஓயாங் ஃபெங், வைப்பர் ஓயாங், அவர் அண்ணன் மகன் கேலன்ட் ஓயாங். மெய் சாவ்ஃபெங், சைக்ளோன் மெய். குவோ ஜிங்கும் சியூ சூஜியும் கே ஷெனேயும் அப்படியே இருக்கிறார்கள். சீனத் தொலைக்காட்சித் தொடர்கள் வழியே கதை தெரிந்தவர்கள் முதல் நூறு பக்கம் தடுமாறுவார்கள். நல்லவரான சியூ சூஜியையும் கொடியவனான சியூ சியன்ரென்னையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், பின்னவனுக்கு அவனைப் போலவே நடிக்கும் இரட்டைச் சகோதரன் வேறு உண்டு. தொகுதியின் முன்னால் உள்ள பாத்திரப் பட்டியலில் ஒரு பக்க அடையாளம் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

சண்டைக் காட்சிகளின் மொழி முதல் தொகுதியில் வேகமாக ஓடுகிறது, வாக்கியங்கள் குட்டையானவை. இரண்டாவதிலிருந்து அடிமுறைப் பெயர்கள் கூடுகின்றன, நடை கொஞ்சம் நிதானமாகிறது. பெயர்களைப் புரிந்துகொள்ள முயன்று நின்றுவிட வேண்டாம். யார் மூத்தவர், பணயம் என்ன, எதில் சண்டை நிற்கும் என்ற மூன்றும் தெரிந்தால் இடைப்பட்ட வீச்சுகள் தாமாக விளங்கும். இந்த மூன்றில் ஒன்று பிடிபடாமல் போனால் இரண்டு பக்கம் பின்னால் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் தேநீர் அருந்தும் பேச்சில் அது சொல்லப்பட்டிருக்கும்.

சோங் பேரரசு தெற்கே ஒதுங்கியதும், வடக்கே ஜூர்ச்சென்களின் ஜின் அரசு இருந்ததும், அதற்கும் அப்பால் செங்கிஸ்கான் எழுந்ததும் கதையின் பின்னணி. இவ்வளவு தெரிந்தால் போதும், தனியாக வரலாறு படிக்கத் தேவையில்லை. காதல் கதையை மட்டும் எதிர்பார்ப்பவருக்கு மூன்றாம் தொகுதி சோதனையாக இருக்கும். விளையாட்டைப் போலத் திறமைப் படிநிலை தெளிவாக ஏறிக்கொண்டே போக வேண்டும் என்பவர்களுக்கும் இது ஒத்துவராது, இங்கே வலிமை மிக்கவர்கள் வித்தை இழப்பதும் பலவீனர்கள் மானத்தால் வெல்வதும் அடிக்கடி நடக்கும். பழைய பிரதிகளாகச் சேர்ப்பவர்கள் பிரிட்டிஷ் பதிப்பையும் அமெரிக்கப் பதிப்பையும் கலந்து வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே கதை ஒன்றுதான், அட்டை வடிவமைப்பு மட்டும் வேறு, அலமாரியில் நான்கும் ஒரே தொகுப்பாகத் தெரியாது.